வயித்து நோவை யாருக்குச் சொல்லுறது?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மழை விட்ட புல்வெளி, கணுக்கால் வரை சேறு, கையில் கோப்பியோடு கோட்டுக்கு வெளியே நிற்கிற அப்பா அம்மாக்கள். பிள்ளையை உதைபந்தாட்டத்துக்குக் கொண்டுபோகிற எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரியும். போன மாதம் அப்படியொரு காலையில், ஆட்டம் முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். சம்பளம் வாங்காமல் எங்கட பத்து வயதுப் பெடியன்களைப் பழக்குகிறவர்.

"மூன்று கிழமையாக உங்கட மகன் பாதி ஆட்டத்தில் தன்னை வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்கிறான். வயிறு நோகுதாம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டான். ஆனால் இதை நான் எனக்குள் வைத்திருக்கக் கூடாது" என்றார்.

நான் அப்படியே நின்றேன். அந்த மூன்று கிழமையும் வீட்டுக்குப் போகிற வழியில் காரில் நான் என்ன கேட்டேன் என்பது ஞாபகம் வந்தது. "ஏன் உன்னை வெளியில எடுத்தவர்? நீ ஓடேல்லையோ? மற்றப் பிள்ளையள் முழு நேரமும் விளையாடினவை தானே?" அவன் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொன்னான். "தெரியாது அப்பா."

இது என்னை இவ்வளவு சுட்டதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் நானும் வயித்து நோவை மறைத்தவன். அப்போது என் வாயைத் திறக்க வைத்தவர் ஒரு ஸ்கொட்லாந்து உதைபந்தாட்ட வீரர். அவரை நான் நேரில் கண்டதில்லை. பிறகு அவர் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெடியன்களின் கோச்சாகவும் ஆனார். இந்த மாதப் பத்தி அவரைப் பற்றியது. பந்தாட்டம் பிடிக்காதவர்களும் வாசியுங்கோ, கோல் கணக்குக் குறைவாகத்தான் வரும்.

டரன் ஃபிளெட்சர் 1984 பெப்ரவரியில் பிறந்தவர். எடின்பரோவுக்குப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த டல்கீத் பகுதியில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் கண்ணில் பட்டுவிட்டார். 2000 மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அஸ்டன் வில்லாவுக்கு எதிராக இந்தப் பதினாறு வயதுப் பெடியனை இறக்க அலெக்ஸ் பேர்குசன் விரும்பினார். பள்ளி மாணவனாகப் பதிவு செய்யப்பட்டவர் லீக்கில் விளையாடக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. அதற்குப் பிறகு காயங்கள். முதல் அணிக்காக அவர் களம் இறங்கியது 2003 மார்ச்சில். ஏறத்தாழ மூன்று வருடக் காத்திருப்பு. எங்கட கணக்கில் சொன்னால் ஒரு பட்டப்படிப்பு முடிகிற காலம்.

அதே 2003இல் ஸ்கொட்லாந்து அணிக்குள் வந்தார். அடுத்த வருடம், இருபது வயதில், எஸ்தோனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் தன் நாட்டுக்கே கப்டன். கேட்க வடிவான கதை. ஆனால் யுனைட்டட் ரசிகர்கள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. மெலிந்த உடம்பு, கண்ணைப் பறிக்கிற வித்தை ஒன்றும் இல்லை. "இந்தப் பெடியனிடம் பேர்குசன் என்னத்தைக் கண்டார்?" என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. 2005 இலையுதிர் காலத்தில் மிடில்ஸ்பரோவிடம் 4-1 என்று தோற்ற பிறகு, யுனைட்டட் கப்டன் ரோய் கீன் கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சியில் இளம் வீரர்கள் சிலரைப் பேர் சொல்லித் தாக்கினார். அந்தப் பேர்களில் ஃபிளெட்சரும் ஒன்று. கழகம் பேட்டியை ஒளிபரப்பவில்லை, ஆனால் விஷயம் பேப்பர்களுக்குப் போய்விட்டது.

ஒரு நிமிடம் யோசியுங்கோ. இருபத்தொரு வயது. உங்கட ரீம் லீட் உங்களைப் பேர் சொல்லிக் குறை சொன்னது அடுத்த நாள் நாடு முழுக்கச் செய்தி.

சில நாளில், 2005 நவம்பர் 6, செல்சியுடன் ஆட்டம். செல்சி அப்போது லீக்கில் தொடர்ந்து 40 ஆட்டம் தோற்காத அணி. யுனைட்டட் 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலைத் தலையால் போட்டவர் ஃபிளெட்சர்.

அடுத்த அடி 2009 மே 5. சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், ஆர்சனல் மைதானத்தில். யுனைட்டட் 3-0 என்று முன்னிலை, இறுதி ஆட்டம் கையில். அந்த நேரத்தில் ஃபாப்ரெகாஸைத் தடுக்கக் காலை நீட்டினார். கால் பந்தில் பட்டது ரீவியில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. நடுவர் பெனால்டியும் கொடுத்து சிவப்பு அட்டையும் காட்டினார். யுனைட்டட் முறையிட்டும் ஐரோப்பியச் சங்கம் தடையை நீக்கவில்லை. ரோமில் நடந்த இறுதி ஆட்டத்தை அவர் ஓரத்தில் இருந்து பார்த்தார். பார்சிலோனா 2-0 என்று வென்றது. முந்தின வருடம் மொஸ்கோ இறுதி ஆட்டத்திலும் அவர் மாற்று வீரர் வாங்கில்தான், இறக்கப்படவில்லை.

இந்த இரண்டு அடியையும் நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம், இரண்டும் வெளிச்சத்தில் விழுந்தவை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் பதிலும் இருந்தது. ஒன்றுக்கு அவரே தலையால் பதில் சொன்னார். மற்றதற்கு, அவர் இல்லாதபோதுதான் அவருடைய அருமை தெரிந்தது என்று ஊரே சொன்னது. அவரை உடைக்கப் பார்த்தது மூன்றாவது. அது ஒருவருக்கும் தெரியாது.

2011 தொடக்கத்தில் ஃபிளெட்சர் மெலியத் தொடங்கினார், அணியில் காணாமல் போனார். வைரஸ் தொற்று என்று வெளியில் சொல்லப்பட்டது. உண்மை வேறு. அவருக்குப் பெருங்குடல் அழற்சி. உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி தன் பெருங்குடலையே தாக்கி, அங்கே வீக்கமும் புண்ணும் உண்டாகிற வருத்தம். வயிற்றுப்போக்கு, மலத்தோடு இரத்தம், உடம்பில் பலம் இல்லாமல் போவது, ஒரு நாளில் எத்தனையோ தரம் கழிவறைக்கு ஓடுவது. தொற்றாது. மருந்தால் அடக்கலாம், அடியோடு மாற்ற முடியாது. பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில்தான் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

அவர் அதை அணி நண்பர்களிடம்கூட மறைத்தார். உடை மாற்றுகிற அறையில் இருந்து திடீரென்று ஓடுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டு. பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனதைப் பிறகு பேட்டிகளில் அவரே மனம் திறந்து பேசினார். 2011 டிசம்பரில்தான் கழகம் வருத்தத்தின் பேரைச் சொல்லி, அவர் காலவரையறை இல்லாமல் ஓய்வெடுக்கிறார் என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பை நான் வாசித்தது பல்கலைக்கழக நூலகத்தில். மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு தட்டிலும் கழிவறை எங்கே என்று எனக்கு மனப்பாடம். நண்பர்கள் வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் "அசைன்மென்ட் இருக்கு" என்பேன். எட்டுக் கிலோ குறைந்திருந்தேன். ஐந்து மாதமாக ஒருவருக்கும் சொல்லவில்லை, டொக்டருக்கும்தான். இரத்தம் போகுது என்று யாரிடம் போய்ச் சொல்லுறது? விளையாட்டுச் செய்தி என்று திறந்தவன், எனக்கு இருந்த ஒவ்வொன்றையும் ஒரு பேரோடு அங்கே கண்டேன். இருபத்தேழு வயது, ஸ்கொட்லாந்துக்குக் கப்டனாக இருந்தவன், ஓடி ஓடியே பேர் எடுத்தவன். அவனுக்கும் இது வருமென்றால் எனக்கு வந்தது அவமானம் இல்லை. அடுத்த நாள் காலை டொக்டருக்கு போன் எடுத்தேன். சோதித்துப் பார்த்ததில் அதே வருத்தம், ஆனால் அவருடையதைவிட லேசானது. இன்றைக்கும் குளிசையில்தான் ஓடுகிறது.

அம்மாவுக்குச் சொன்னபோது அழுதா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "ஒருத்தருக்கும் சொல்லாத ராசா. நாளைக்கு உனக்குப் பொம்பிளை பாக்க வேண்டாமே?"

அம்மாவை நான் குறை சொல்ல வரவில்லை. வீட்டு விஷயம் வெளியே போனால் ஆபத்து என்ற காலத்தையும் ஊரையும் தாண்டி வந்தவ. வாயை மூடுவது அவவுக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பழக்கத்தை நாங்கள் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறோம். காசு, வருத்தம், மனக்கஷ்டம், பரீட்சையில் தவறியது எல்லாம் "உள்ளுக்க வை" என்ற பெட்டிக்குள் போகிறது.

என்னுடைய தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. ஒரு நிரல் பிழையில் நின்றுபோனால் அது நல்லது. எந்த வரியில் நின்றது என்று பார்த்துத் திருத்தலாம். பிழையை விழுங்கிவிட்டு எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டே ஓடுகிற நிரல்தான் பயங்கரம். ஆறு மாதம் கழித்துத் தரவு முழுக்கக் கெட்டுப்போன பிறகுதான் தெரியும். அப்படி எழுதுகிறவனை நாங்கள் ரீமில் திட்டுவோம். வீட்டில் அப்படி வளர்க்கிறோம்.

ஃபிளெட்சர் கதைக்கு வருவோம். 2012 செப்டெம்பரில் கலாத்தசராய்க்கு எதிராக மாற்று வீரராகத் திரும்பினார். நிலைக்கவில்லை. 2013 ஜனவரியில் ஒப்பரேஷன், அந்தப் பருவம் முடிந்தது. மறுபடி களத்துக்கு வந்தது 2013 டிசம்பர் 15. எதிரணி அஸ்டன் வில்லா. பதினாறு வயதில் விளையாட விடாமல் போன அதே வில்லா. 2015 பெப்ரவரியில் வெஸ்ட் புரொம்விச் அல்பியன் கழகத்துக்குப் போய் அங்கே கப்டன் ஆனார். வயிற்றில் பெரிய ஒப்பரேஷன் செய்த மனிதர் முப்பது வயது தாண்டிக் கிழமைக்குக் கிழமை பிரீமியர் லீக்கில் முழு ஆட்டம் ஓடினார். பிறகு ஸ்டோக் சிட்டி. யுனைட்டடுக்கு 342 ஆட்டம், ஸ்கொட்லாந்துக்கு 80. தன் வருத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, அதே வருத்தம் உள்ளவர்களுக்காக நிதியும் சேர்த்தார்.

2020 ஒக்டோபரில் யுனைட்டடுக்குத் திரும்பினார், பதினாறு வயதுக்குட்பட்டோரின் கோச்சாக. சில மாதத்தில் முதல் அணியின் பயிற்சிக் குழு. 2021 மார்ச்சில் தொழில்நுட்ப இயக்குநர் என்ற பெரிய பதவி. 2025இல் திரும்பவும் பெடியன்களிடம், பதினெட்டு வயதுக்குட்பட்ட அணியின் தலைமைக் கோச்சாக. இடையில் 2026 ஜனவரியில் முதல் அணியின் கோச் நீக்கப்பட்டபோது இரண்டு ஆட்டத்துக்கு அந்தப் பொறுப்பையும் பார்த்தார்.

என் அம்மா இதைக் கேட்டால் "ஏன் ஆளை இறக்கிப் போட்டினம்?" என்பா. இயக்குநராக இருந்தவர் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கப் போவது எங்கட ஏணிக் கணக்கில் இறக்கம்தான். எனக்கு அப்படிப் படவில்லை. இங்கிலாந்துக் கழகங்களில் பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடப் பயிற்சி இடம் கிடைக்கும். அந்த இரண்டு வருடத்துக்குள் தொழில்முறை ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பது முடிவாகிவிடும். பலருக்கு இல்லை என்பதே பதில். ஒன்பது வயதில் இருந்து அப்பா காரில் கொண்டுபோய் இறக்கின பிள்ளை அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் தொடையில் நோ இருந்தாலும் ஒரு பெடியன் வாய் திறப்பானா? நித்திரை வராமல் கிடந்தாலும் சொல்லுவானா? மறைப்பான். ஒரு வருடத்துக்கு மேல் மறைத்துப் பார்த்த ஒருவர் எதிரில் நின்றால், அந்த முகத்தைக் கொஞ்சம் கெதியாக அடையாளம் கண்டுகொள்வார் என்றுதான் நான் நினைக்கிறேன். வெற்றிக் கிண்ணங்களைவிட இந்த அனுபவம்தான் அந்த வேலைக்குப் பெரிய தகுதி.

இன்னொன்று. அவருக்கு 2007இல் பிறந்த இரட்டைப் பெடியன்கள், ஜாக், டைலர். இரண்டு பேரும் யுனைட்டடின் இளையோர் பிரிவில் விளையாடிய வீரர்கள். இளையோர் மட்டத்தில் ஒருவர் இங்கிலாந்துக்கும் மற்றவர் ஸ்கொட்லாந்துக்கும் விளையாடியிருக்கிறார்கள்! ஒரே வீடு, ஒரே பிறந்தநாள், இரண்டு கொடி. கிரிக்கெட் மச் நேரம் தாத்தாவும் பேரனும் வேறு வேறு அணிக்குக் கத்துகிற எங்கட வீடுகளுக்கு இது புதுசில்லை.

ஃபிளெட்சருக்கு ஒரு சிக்கல், ஒரே கழகத்தில் கோச்சும் அவர்தான், அப்பாவும் அவர்தான். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாங்கள் அப்பா, அம்மா மட்டும்தான். கோச் வேலையை ஒருவரும் எங்களிடம் தரவில்லை. கார்ச் சாவியைத் தந்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் சீற் பெல்ட் போட்டவுடன் நாங்கள் விமர்சகர் ஆகிவிடுகிறோம். அன்றைக்கு இரவு மனைவி சொன்னது இதைத்தான். "இஞ்சருங்கோ, நீங்கள் காரில கதைக்கிறதை ஒருக்கா ரெக்கோர்ட் பண்ணிக் கேட்டுப் பாருங்கோ." நான் ரெக்கோர்ட் பண்ணவில்லை. தேவையும் இல்லை, எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

அதே இரவு மகனின் கட்டிலில் போய் இருந்தேன். வயித்து நோவைப் பற்றி விசாரிக்கவில்லை. என்னுடையதைச் சொன்னேன். காலையில் நான் போடுகிற குளிசை விற்றமின் இல்லை, இது இன்ன வருத்தத்துக்கு என்று சொன்னேன். நூலகத்தில் ஓடினது, ஒருவருக்கும் சொல்லாதது, ஃபிளெட்சர் எல்லாம். அவன் பாதி இங்கிலிஷிலும் பாதி தமிழிலும் கேட்ட கேள்வி இதுதான்.

"அப்பம்மாவுக்குத் தெரியுமா?"

"ஓம், தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

"அப்ப ஏன் எனக்குத் தெரியாது?"

பதில் இல்லை. பத்து வருடமாக அவனுக்கு முன்னாலேயே மறைத்துவிட்டு, அவன் மட்டும் எனக்கு எல்லாம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

டொக்டரிடம் போனோம். எனக்கு இருக்கிற வருத்தத்தையும் சொன்னதால் இரத்தமும் மலமும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் சரி. எந்த நாளில், எந்த நேரத்தில் நோகுது என்று எழுதி வரச் சொன்னார். இதுவரை எழுதியதில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தக் கொப்பியைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாசிக்கிற உங்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, வயித்து நோ என்றால் எப்போதும் பயம் அல்லது சாட்டு என்று விட்டுவிடாதேங்கோ. சில கிழமையாகத் தொடர்கிற நோ, நித்திரையில் இருந்து எழுப்புகிற நோ, காரணம் இல்லாமல் நிறை குறைவது, மலத்தில் இரத்தம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கோ. பதின்ம வயதுப் பிள்ளைகள் கழிவறைக் கதையைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிற வருத்தத்தை டொக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, உங்கட வருத்தம் ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. வயதுக்கு ஏற்ற மாதிரி, பயமுறுத்தாமல். நீங்கள் ஒன்றைச் சொன்னால்தான் அது சொல்லக்கூடிய விஷயம் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு அதைச் செய்து காட்டியது பேப்பரில் வந்த ஒரு அறிவிப்பு. உங்கட பிள்ளைக்கு அது பேப்பரில் வரவேண்டிய தேவை இல்லை.

எங்கட காரில் இப்போது ஒரு சட்டம். ஆட்டம் முடிந்து வீடு வரும்வரை பந்துப் பேச்சை அவன் தொடங்கினால்தான் உண்டு. பாட்டு அவனுடைய தெரிவு, எனக்குப் பிடிக்காவிட்டாலும் சரி. போன ஞாயிறு பாதி வழி சத்தமில்லாமல் வந்தவன் பின் சீற்றில் இருந்து சொன்னான், "அப்பா, இண்டைக்கு நோகேல்ல. ஆனா தொடங்கேக்க கொஞ்சம் பயமா இருந்தது."

"ம்ம்" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. எத்தனை கோல் என்றுகூட.

அடுத்த மாதம் சந்திப்போம்.